எழுத்து முடிந்து தாலி கட்டாத இடைவெளியில் துணை விசா: உறவு உண்மையானது என்று எதைக் கொண்டு காட்டுவது?

கேள்வி, 2025 பெப்ரவரி 9

நான் மெல்பேணில் வசிக்கும் அவுஸ்திரேலியப் பிரஜை. சென்ற வைகாசியில் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு எழுத்து, அதாவது சட்டப்படியான திருமணப் பதிவு, முடிந்தது. தாலிகட்டு வருகிற ஆவணியில். எழுத்து முடிந்ததும் நான் இங்கே திரும்பிவிட்டேன், அவர் தன் பெற்றோருடன் இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் துணைக்கான 309 விசாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். கூட்டு வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் நிச்சயம் மறுத்துவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உறவினர் ஒருவர் தன் வீட்டுக்கு இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம் எழுதித் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?

2025 பெப்ரவரி 10

பதில்: வாடகை ஒப்பந்த யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். வாழாத வீட்டுக்கு எழுதிய ஒப்பந்தம் பொய் ஆவணம். பொதுநல அளவுகோல் 4020 என்ற விதியின்படி, பொய் ஆவணமோ முக்கியமான விடயத்தில் தவறான தகவலோ கொடுத்ததாகக் கண்டால் விண்ணப்பம் மறுக்கப்படும். அந்த மறுப்பு, அதே விதி பொருந்தும் பிற விசாக்களுக்கும் மூன்று ஆண்டுகள் தடையாக நிற்கும். உங்கள் மனைவி அவுஸ்திரேலியாவுக்கு வந்ததற்கான பதிவு ஒன்றும் இல்லாதபோது மெல்பேண் வீட்டின் ஒப்பந்தத்தில் அவருடைய கையெழுத்து எப்படி வந்தது என்று அதிகாரி கேட்க வெகுநேரம் ஆகாது.

கூட்டுக் கணக்கு கட்டாயம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. 1994ஆம் ஆண்டின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 1.15ஏ என்ற விதி, திருமணமான இருவரின் உறவை நான்கு பக்கங்களிலிருந்து பார்க்கச் சொல்கிறது: பணவிடயங்கள், வீட்டு வாழ்க்கை, உற்றார் நண்பர் முன் அந்த உறவு எப்படி நிற்கிறது என்பது, ஒருவர்மீது ஒருவருக்குள்ள பற்றுறுதி. இந்த நான்கையும் அதிகாரி கருத்தில் எடுத்தே ஆகவேண்டும். நான்கிலும் நிறைந்த மதிப்பெண் வாங்க வேண்டும் என்பது அதன் பொருள் அன்று. ஒரு பக்கத்தில் சான்று மெலிந்திருந்தால் ஏன் மெலிந்திருக்கிறது என்று நீங்கள் எழுதவேண்டும். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான்.

2025 பெப்ரவரி 10, இரவு

இன்னொன்று. சேர்ந்து வாழவில்லையே என்ற கவலைக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், 5எஃப் பிரிவில், கணவன் மனைவி சேர்ந்து வாழ்கிறார்கள் அல்லது நிரந்தரமாகப் பிரிந்து வாழவில்லை என்றிருந்தால் போதும் என்கிறது. விசாவுக்காகக் காத்திருக்கும் பிரிவு நிரந்தரப் பிரிவு அன்று. ஆனால் உங்கள் நிலையில் ஒரு நுணுக்கம் உண்டு. எழுத்துக்குப் பிறகு நீங்கள் ஊரில் நின்ற நாட்களில்கூட ஒரே வீட்டில் தங்கியிருக்க மாட்டீர்கள். நம்மவர்களுக்கு அது ஒழுங்கு. திருமணச் சான்றிதழின் திகதியை மட்டும் பார்ப்பவருக்கு, கல்யாணம் முடித்தவர்கள் ஒரு கூரையின் கீழ் ஓர் இரவுகூடத் தங்கவில்லை என்றே தோன்றும்.

2025 பெப்ரவரி 13

நான் இதில் இவ்வளவு அக்கறை காட்டுவதற்குக் காரணம் உண்டு. என் கணவருக்கும் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து இதே வழியில்தான் விசா எடுத்தோம். எழுத்துக்கும் தாலிகட்டுக்கும் இடையே எங்களுக்கும் நெடும் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியைப் பற்றி எங்களிடம் விளக்கம் கேட்டார்கள். அன்றிரவு சமையலறை மேசையில் அமர்ந்து நான் எழுதத் தொடங்கியபோது, என் வாழ்க்கையில் யாருக்கும் விளக்க நேராத ஒன்றை விளக்க வேண்டியிருந்தது. பேச்சு முற்றாகி, சாதகப் பொருத்தம் பார்த்து, இரு வீட்டாரும் சம்மதித்த பிறகு பதிவாளர் முன் கையெழுத்திடுகிறோம். அது சட்டப்படியான திருமணம். ஆனால் நல்ல நாளில் பொன்னுருக்கி, மணவறையில் தாலி கட்டி, கூறை மாற்றிய பிறகே ஊரும் உறவும் எங்களைக் குடும்பமாக நடத்தும். அதற்கு முன் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் வெளி விறாந்தையில் இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அப்படியே எழுதினேன். கூடவே மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய பற்றுச்சீட்டு, திகதி அச்சிட்ட அழைப்பிதழ், இரு வீட்டாரிடமும் நாள் பார்த்துச் சொன்ன குருக்களின் கடிதம், தாலிக்கு நகைக்கடை கொடுத்த விலைச்சீட்டு ஆகியவற்றை இணைத்தேன். பிரிந்திருந்த காலத்தில் நாங்கள் ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டிருந்தோம் என்பதற்கு அந்தச் சிறு கடதாசிகளே சான்று.

2025 பெப்ரவரி 14

கேட்டவர் கவனிக்க: மேலே சொன்ன மண்டபப் பற்றுச்சீட்டு உங்களிடமும் இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் பெண்ணின் தகப்பன் பெயரிலோ மாமா பெயரிலோதான் இருக்கும். இருக்கட்டும். யார் பெயரில், ஏன் என்று ஒரு வரி எழுதி அப்படியே கொடுங்கள். பெயரை மாற்றி எழுதி வாங்க வேண்டாம்.

2025 பெப்ரவரி 20

“சடங்கு சம்பிரதாயத்தை எல்லாம் விளக்கிக்கொண்டிருந்தால் சாக்குப்போக்குச் சொல்வதாக நினைக்க மாட்டார்களா?” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விளக்கம் மட்டும் தனியே நின்றால் அப்படித் தோன்றலாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருந்தால் தோன்றாது. “எங்கள் வழக்கம் இப்படி” என்று நான்கு பக்கம் எழுதுவதைவிட, “எங்கள் வழக்கப்படி தாலிகட்டுக்குப் பிறகே சேர்ந்து வாழ்வோம், அது இந்தத் திகதியில் நடக்கவிருக்கிறது, அழைப்பிதழ் இணைப்பு 7இல்” என்பது நன்று. விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு நம்மீது பகை ஒன்றும் இல்லை. அவர் முன்னே இருப்பவை தாள்கள் மட்டுமே, நம் வீட்டு முற்றத்தை அவர் கண்டதில்லை.

2025 மார்ச் 2

பணவிடயத்துக்கு வருகிறேன். நம்மவர்களிடம் சான்று மிகவும் மெலிந்திருப்பது இங்கேதான். இத்தனைக்கும் உள்ளதைச் சொன்னால், பணத்தால் பிணைந்த குடும்பங்கள் நம்முடையவை.

ஊருக்குப் பணம் பலர் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்வழிக் கைமாற்றாக, அனுப்புகிறார்கள். உண்டியலுக்குத் தாள் இல்லை. வங்கி வழியாக அனுப்புபவர்களும் மனைவிக்கு அனுப்பாமல் மாமனார் கணக்குக்கோ மைத்துனர் கணக்குக்கோ அனுப்புகிறார்கள், ஏனென்றால் வங்கிக்குப் போய்வருபவர் அவர்தான். பணம் அனுப்பியது உண்மை, ஆனால் தாளில் பார்த்தால் மனைவிக்கு ஒரு சதமும் போகவில்லை. இனிமேல் அனுப்புவதை வங்கி வழியாக, மனைவியின் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்புங்கள். எதற்காக அனுப்பினீர்கள் என்பதற்கு அனுப்பும்போதே குறிப்பு எழுதும் இடம் இருக்கும், அதை வெறுமையாக விடாதீர்கள்: “பல் வைத்தியம்”, “ஐஈஎல்டிஎஸ் வகுப்புக் கட்டணம்”. வகுப்புக் கட்டணத்துக்கு அனுப்பிய தொகையும், அதே கிழமையில் அந்த வகுப்பு கொடுத்த பற்றுச்சீட்டும் ஒன்றாக இருந்தால், அந்த இரண்டு தாளும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் வரவுசெலவைக் காட்டிவிடும்.

கூட்டுக் கணக்கு தொடங்க விரும்பினால் தொடங்குங்கள், தவறில்லை. ஆனால் நாளாந்தச் செலவுக்குப் பயன்படாத கணக்கில் ஒரு பெருந்தொகையைப் போட்டு வைத்தால் அது கண்காட்சிக்காகத் திறந்த கணக்கு என்பது அறிக்கையின் முதற்பக்கத்திலேயே தெரியும்.

2025 மார்ச் 3

யாழ்ப்பாணத்தவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை பொருந்துபவர்களாயின் உங்கள் கைவசம் இருக்கும் காணி உறுதிகளை (பத்திரங்களை) எடுத்துப் பாருங்கள். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. பெண்களைக் கட்டிவைக்கும் அந்த விதியை நான் ஆதரிக்கவில்லை, பல ஆண்டுகளாகப் பெண்கள் அதை எதிர்த்துப் பேசிவருகிறார்கள். ஆனால் விதி நடைமுறையில் இருக்கும்வரை, எழுத்துக்குப் பிறகு மனைவி ஓர் உறுதி முடித்து, அதில் கணவன் சம்மதக் கையெழுத்திட்டிருந்தால், அது ஒருவர் மற்றவருக்குச் சட்டப்படி கட்டுப்பட்டிருப்பதைக் காட்டும் தாள். ஒழுங்குவிதி 1.15ஏ பணவிடயத்தின் கீழ்க் கேட்கும் கேள்விகளில் ஒருவர் மற்றவருக்குச் சட்டக் கடப்பாடு எதுவும் கொண்டிருக்கிறாரா என்பதும் ஒன்று.

திருமணத்துக்குப் பிறகு விலை கொடுத்து வாங்கிய சொத்துக்குத் தேசவழமையில் தேடியதேட்டம் என்று பெயர். உறுதியில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலும் அதில் மற்றவருக்கும் உரிமை உண்டு. அதை விளக்கி ஊர்ச் சட்டத்தரணியிடம் அரைப் பக்கக் கடிதம் வாங்கலாம். ஆங்கிலத்தில் வாங்குங்கள்.

2025 மார்ச் 16

வட்ஸ்அப் உரையாடல்களைப் பற்றி மூன்று பேர் தனித்தனியே கேட்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் ஒரே பதில்.

முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து ஆயிரம் பக்கம் அனுப்பாதீர்கள். யாரும் படிக்கப் போவதில்லை. அதோடு, உங்கள் அந்தரங்கத்தை அறிமுகமற்ற ஒருவரிடம் கொட்டவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மாதத்துக்கு ஓரிரு பக்கம் தெரிந்தெடுங்கள். எதைத் தெரிந்தெடுப்பது? காதல் வசனங்களை அல்ல. அவை எவருக்கும் எழுத வரும். வீட்டு விடயங்களைத் தெரிந்தெடுங்கள். என் கணவர் அனுப்பிய ஒரு செய்தி எங்கள் கோப்பில் இருந்தது: அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்துவிட்டது, காலையில் ஐந்து மணிக்கே பேருந்து எடுக்கவேண்டும், நீர் கவலைப்பட வேண்டாம், நான் கூடப் போகிறேன். அது என் அம்மா. அடுத்த நாள் வைத்தியசாலை வாங்கிலில் இருவரும் இருக்கும் படம், கறுப்புக் கண்ணாடியோடு அம்மா, கையில் மருந்துப் பையோடு அவர். மருமகன் என்ற உறவுக்கு அதைவிட நல்ல சான்று எங்களிடம் இருக்கவில்லை.

தமிழில் எழுதிய செய்திகளுக்கும் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். அவுஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பித்தால், மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று வழங்கும் நாட்டி (NAATI) அமைப்பின் அங்கீகாரம் பெற்றவரிடம் கொடுங்கள். ஊரில் செய்தால் மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், தகைமை ஆகியவை ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலும் இருக்கவேண்டும். பக்கத்துக்குப் பணம் போகும் என்பதால் தெரிந்தெடுப்பது உங்கள் பைக்கும் நல்லது. அழைப்புப் பட்டியலுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை: திகதியும் நேரமும் நிமிடங்களும் எந்த மொழியிலும் ஒன்றுதான். இரவு வேலை செய்பவர்களின் அழைப்புகள் அதிகாலையில் இருக்கும், அந்த நேரங்கள் வேலை அட்டவணையோடு பொருந்துவதைச் சுட்டிக் காட்டலாம்.

2025 மார்ச் 17

படங்கள்: கல்யாண அல்பம் முழுவதும் வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே திகதி, இடம், நிற்பவர்கள் யார் என்று எழுதுங்கள். தனியே இருவரும் நிற்கும் படங்களைவிட மாமியார், பெரியப்பா, பள்ளித் தோழி ஆகியோர் சூழ நிற்கும் படங்கள் பயனுள்ளவை.

2025 ஏப்ரல் 6

படிவம் 888 பற்றி. உங்கள் உறவை அறிந்த இருவராவது, 18 வயதுக்கு மேற்பட்டவர்கள், தரவேண்டிய வாக்குமூலம் இது. அவுஸ்திரேலியப் பிரஜைகளிடமோ நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களிடமோ வாங்குவதே வழக்கம். ஊரில் இருப்பவர்களிடம் தனியே கடிதம் வாங்கி மேலதிகமாக இணைக்கலாம்.

நான் சிலருக்கு இந்தப் படிவத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன், சிலருடையதைப் படித்தும் பார்த்திருக்கிறேன். “இவர்கள் மிகவும் அன்பான தம்பதியர், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்” என்று ஒரு மாமா எழுதுவார். அந்த மாமா நல்லவர், ஆனால் அந்த வாக்கியம் எவருக்கும் பொருந்தும். அவரிடம் பேசிப் பாருங்கள். மணமகன் இங்கே தனியாக இருந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் வீட்டுக்குச் சாப்பிட வருவான், கைபேசியை மேசையில் சாய்த்துவைத்து ஊரிலுள்ள மனைவிக்குக் காட்டுவான், அவள் மாமியிடம் குழம்புக்குப் புளி போதுமா என்று கேட்பாள் என்று சொல்வார். அதை எழுதச் சொல்லுங்கள். கண்டதை, கேட்டதை, எந்தக் காலத்தில் என்பதோடு அவருடைய சொந்தச் சொற்களில் எழுதவேண்டும். நீங்களே எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினால் இரண்டு படிவத்திலும் ஒரே வாக்கியம் வந்து நிற்கும்.

2025 ஏப்ரல் 21

தொலைபேசியில் விசாரிப்பார்களா என்ற கேள்விக்கு: சிலரை அழைப்பதுண்டு, இருவரிடமும் தனித்தனியே கேட்பதும் உண்டு. மனப்பாடம் செய்யாதீர்கள். ஆனால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசி வையுங்கள். “உங்களுக்கு எப்போது திருமணம் நடந்தது?” என்று கேட்டால் ஒருவர் எழுத்துத் திகதியையும் மற்றவர் தாலிகட்டுத் திகதியையும் சொல்வார். இருவரும் சொல்வது உண்மை, கோப்பில் அது முரண்பாடு. படிவத்திலும் வாக்குமூலங்களிலும் “சட்டப்படியான பதிவு இன்ன நாள், சமயச் சடங்கு இன்ன நாள்” என்று இரண்டையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். 888 எழுதிக் கொடுப்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள், அவர்கள் எழுத்துக்கு வந்திருக்க மாட்டார்கள், கல்யாணத்தன்று சாப்பிட்ட நினைவில்தான் எழுதுவார்கள்.

வீட்டுப் பெயர்களும் அப்படியே. பதிவில் ஒரு பெயர், அழைப்பிதழில் இன்னொன்று, பணம் அனுப்பிய சீட்டில் தகப்பன் பெயர் முன்னால். வேறு பெயர்கள் உண்டா என்று படிவம் கேட்கும் இடத்தில் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

2025 மே 11

சிட்னியிலிருந்து ஒருவர், கோயம்புத்தூரைச் சேர்ந்தவர், தயங்கித் தயங்கி எழுதிய கேள்வி இங்கே பலருக்கும் உரியது. அவருடைய துணைவரும் ஆண். இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள், இரு குடும்பங்களுக்கும் தெரியாது. உற்றார் முன் உறவை எப்படிக் காட்டுவது என்கிறார்.

முதலில் சட்டம். ஒருபால் இணையர் 2009 முதல் துணை விசாவுக்குத் தகுதியுடையவர்கள், 2017 டிசம்பரிலிருந்து இங்கே திருமணமும் செய்துகொள்ளலாம். திருமணம் செய்யாத இணையர் பொதுவாகப் பன்னிரண்டு மாத உறவைக் காட்டவேண்டும். ஆனால் நியூ சவுத் வேல்ஸில் உறவைப் பதிவு செய்தால் அந்தப் பன்னிரண்டு மாத நிபந்தனை பொருந்தாது. விக்டோரியா, குயின்ஸ்லாந்து போன்றவற்றிலும் இந்தப் பதிவு உண்டு, மேற்கு அவுஸ்திரேலியாவில் இல்லை. பதிவு அந்த ஒரு நிபந்தனையை மட்டுமே நீக்கும், உறவு உண்மையானது என்பதை அப்போதும் காட்டியே ஆகவேண்டும்.

பெற்றோருக்குத் தெரியாது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். ஏன் சொல்லவில்லை, சொன்னால் என்ன நேரும் என்று அஞ்சுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். உற்றார் என்பது பெற்றோர் மட்டும் அல்லர். வேலைத்தலத்தில் அவசரத் தொடர்புக்கு யார் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள்? வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரியுமா? குடும்ப வைத்தியருக்கு? பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வரும் நண்பர்கள் இருவர் 888 எழுதட்டும். குடும்பத்திடம் சொல்ல இயலாத நிலையில் இருந்துகொண்டே ஒருவரோடு வீட்டைப் பகிர்ந்து வாழ்வது எவ்வளவு பெரிய பற்றுறுதி என்பதை நான் சொல்லித்தான் அந்த அதிகாரிக்குத் தெரியவேண்டும் என்றில்லை, நீங்களே உங்கள் வாக்குமூலத்தில் சொல்லலாம்.

2025 மே 12

மேற்படி குறிப்பைப் படித்துவிட்டு “நம் தளத்தில் இது எதற்கு” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்களும் நம்மவர்கள், அவர்களும் அதே கட்டணத்தைக் கட்டி அதே நான்கு பக்கங்களுக்கும் பதில் எழுதுகிறார்கள்.

2025 ஜூலை 2

விண்ணப்பக் கட்டணம் 2025 ஜூலை 1இல் 9,095 டாலரிலிருந்து 9,365 டாலராக உயர்ந்தது. மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்ப வராது. அந்தக் காரணத்துக்காகவே அரைகுறைக் கோப்போடு அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம் என்கிறேன். ஒருவேளை மறுப்பு வந்தால், 309 விடயத்தில் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிப்பவர் அவுஸ்திரேலியாவில் உள்ள அனுசரணையாளர்தான், அதாவது துணையை வரவழைப்பவர். 2024 ஒக்டோபர் 14 முதல் அது நிர்வாக மறுபரிசீலனைத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. காலக்கெடு மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும், அன்றே சட்டத்தரணி ஒருவரையோ பதிவுபெற்ற குடிவரவு முகவரையோ பாருங்கள். பதிவு எண் கேட்டால் தர மறுக்கும் முகவரிடம் போகாதீர்கள்.

2025 செப்டெம்பர் 7

கேள்வி கேட்டவர் தாலிகட்டு நன்றாக முடிந்ததென்று எழுதியிருக்கிறார். மனமார்ந்த வாழ்த்துகள். விண்ணப்பத்தை வைகாசியிலேயே கொடுத்துவிட்டதாகவும், இனி ஏதும் செய்யவேண்டுமா என்றும் கேட்கிறார்.

செய்யவேண்டும். உறவு விண்ணப்பித்த நாளிலும் முடிவெடுக்கும் நாளிலும் இருக்கவேண்டும் என்பதால், இடையில் நடப்பவற்றை, விண்ணப்பம் கொடுத்த இணையக் கணக்கான இமிகணக்கில் (ImmiAccount) தொடர்ந்து ஏற்றலாம். தாலிகட்டுப் படங்கள், நீங்கள் அங்கே நின்ற நாட்களில் இருவரும் தங்கிய வீடு, நுவரெலியாவில் இருவர் பெயரிலும் எடுத்த அறையின் பற்றுச்சீட்டு, உங்கள் கடவுச்சீட்டு முத்திரைகள். நம் வழக்கப்படி நீங்கள் தங்கியது பெண் வீட்டில்தான் என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கிராம அலுவலரிடம் வதிவிடக் கடிதம் வாங்கி வையுங்கள்.

309 தற்காலிக விசா. நிரந்தர விசாவான 100க்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் இதே நான்கு பக்கங்களுக்கும் புதிய சான்று கேட்பார்கள். அவர் வந்திறங்கிய கிழமையிலேயே வாடகை ஒப்பந்தத்தில் அவருடைய பெயரைச் சேர்க்கச் சொல்லி முகவருக்கு எழுதுங்கள். மின்சாரக் கட்டணச் சீட்டில் இரண்டாம் பெயர், அரச மருத்துவக் காப்பான மெடிகெயரில் ஒரே அட்டை, உங்கள் ஓய்வுகாலச் சேமிப்பான சூப்பர் நிதியில் பயனாளியாக அவர் பெயர், அவருடைய வைத்தியரிடம் நெருங்கிய உறவினராக உங்கள் பெயர். ஒவ்வொன்றையும் அது நடக்கும் நாளிலேயே ஒரு கோப்பில் போட்டுவிட்டால் இரண்டு ஆண்டு கழித்துத் தேடவேண்டியதில்லை.